ரப்பர் கயிறு மாதிரி வெளியே வந்தது என்ன? குடல் சுத்தம் செய்தவர்கள் சொல்லுங்கள்

தூங்காமணி | ஞாயிறு, இரவு 11.20

சங்கடமான விஷயம். நேரில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

14 நாள் குடல் சுத்திகரிப்பு என்று ஒரு பொடியும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். பகலில் பழச்சாறு மட்டும், ராத்திரி கொஞ்சம் சாப்பாடு. ஐந்தாம் நாள் காலையில் கழிப்பறையில் குனிந்து பார்த்தால், ஒரு முழ நீளத்துக்குக் கரும்பச்சையாகக் கயிறு மாதிரி ஏதோ கிடக்கிறது. குச்சியால் தூக்கிப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள்). அறுந்து விழவில்லை, ரப்பர் போல இழுபட்டது. ஒரு பக்கம் வரிவரியாக மடிப்பு பதிந்திருந்தது.

விற்றவர்களின் குழுவில் படம் போட்டேன். "வாழ்த்துகள்! பல வருடமாகக் குடல் சுவரில் காரை மாதிரி ஒட்டியிருந்த கழிவு இது. இன்னும் ஐந்தாறு கிலோ உள்ளே இருக்கும், விட்டுவிடாதீர்கள்" என்றார்கள். எனக்கு மூன்று நாளாகத் தலைவலி, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. அதைச் சொன்னால், "நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்" என்று பதில்.

வயது 47. மீதி ஒன்பது நாளையும் முடிக்கலாமா? உள்ளே உண்மையிலேயே இவ்வளவு கழிவு ஒட்டிக்கொண்டிருக்குமா?

நடுப்பக்கம் | ஞாயிறு, இரவு 11.34

சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். தப்பு என்னுடையதுதான்.

ஸ்கோப்_அறை | திங்கள், காலை 6.05

கண் இருட்டுகிறது என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் குடித்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

ஒரு உதவி. பொட்டலத்தின் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லுங்கள். இசப்கோல், பென்டோனைட் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தூங்காமணி | திங்கள், காலை 7.50

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பொடியில் இசப்கோல் உமி, பென்டோனைட் களிமண், ஏதோ பழ மணம். மாத்திரையில் சென்னா இலை, இஞ்சி, இன்னும் நாலைந்து மூலிகைப் பெயர்கள்.

ஸ்கோப்_அறை | திங்கள், மதியம் 1.15

அப்படியானால் அந்தக் கயிற்றின் செய்முறை பொட்டலத்தின் முதுகிலேயே இருக்கிறது. இசப்கோல் தண்ணீரை இழுத்துக் கூழாகும். பென்டோனைட்டும் தண்ணீர் பட்டால் உப்பும். இரண்டும் கலந்து உள்ளே போய், வழியில் பெருங்குடல் தண்ணீரை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் குச்சியால் தூக்கியது. மடிப்பு பதிந்திருந்தது உண்மைதான். அச்சில் வார்த்த பொருளில் அச்சின் வடிவம் விழாமல் இருக்குமா?

நம்பாவிட்டால் ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் பொடியைப் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு துணியில் போட்டுப் பிழிந்து பாருங்கள்.

நான் கொலோனோஸ்கோப்பி அறையில், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை (ஸ்கோப்) விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் அறையில், 19 வருடம் செவிலியாக இருந்தவள். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். கேமரா உள்ளே போனதும் தெரிவது ஈரப் பளபளப்பு. கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தடவினால் எப்படி வழுக்குகிறதோ, அப்படி இருக்கும் என்று பார்த்தாலே தெரியும். வெளிர் சிவப்பு நிறம், அதற்கடியில் இலை நரம்பு போலக் கிளைவிட்ட மெல்லிய ரத்தக் குழாய்கள். அந்தக் கிளைகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று மருத்துவர் கவனிப்பார், ஏனென்றால் குடலில் அழற்சி வந்தால் முதலில் மங்குவது அதுதான். இத்தனை வருடத்தில் காரை ஒட்டிய குடல் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒட்டுவதற்கு வழியும் இல்லை. குடலின் உள்தோல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதன் மேல் சளிப்படலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. சுவரே வாரம் ஒருமுறை மாறும் வீட்டில் பத்து வருடத்துக் காரை எங்கே நிற்கும்?

இன்னொன்று. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர்மம் சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சுவர்தான் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சுவர் முழுக்க எதையோ பூசி அடைத்திருந்தால் உங்களுக்கு ஓயாத பேதிதான் இருந்திருக்கும்.

தலைவலியும் கண் இருட்டும் நச்சு போவதால் வருவதில்லை. சென்னா மலமிளக்கி. அது தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிறது, நீங்களோ அரைப் பட்டினி. வேறு என்ன வரும்?

காலைப்பறவை | திங்கள், மாலை 5.40

அக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கொலோனோஸ்கோப்பிக்கு முன் லிட்டர் கணக்கில் பேதி மருந்து கொடுத்துக் கழுவிவிட்டுத்தானே பார்க்கிறீர்கள்? கழுவிய வீட்டில் போய் அழுக்கே இல்லை என்றால் எப்படி?

நான் மூன்று முறை பெருங்குடல் நீர் சிகிச்சை, அதாவது ஆசனவாய் வழியாகத் தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவுவது, செய்துகொண்டவன். ஒவ்வொரு முறையும் உடம்பு பஞ்சு மாதிரி ஆனது, முகம் தெளிந்தது, எடையில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. எனிமா நேற்று வந்த வியாபாரம் இல்லை. எகிப்தின் பழைய மருத்துவச் சுவடியான எபர்ஸ் பாப்பிரஸில் இருக்கிறது, அதற்கு மூவாயிரத்து ஐந்நூறு வருட வயது. இத்தனை காலம் மனிதர்கள் சும்மாவா செய்தார்கள்?

ஸ்கோப்_அறை | திங்கள், இரவு 8.30

நல்ல கேள்வி, இதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

சரியாகக் கழுவாமல் வருகிறவர்களும் உண்டு. பாதி மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு "குடித்தேன்" என்பார்கள். அவர்கள் குடலில் குழம்பு மாதிரி மலம் இருக்கும். ஸ்கோப்பிலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சினால் நகர்ந்துவிடும், அடியில் அதே பளபளப்பு. சுரண்டி எடுக்க அங்கே கருவி எதுவும் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. இதைவிட வலுவான சாட்சி அவசர அறுவை சிகிச்சை. குடல் முறுக்கிக்கொண்டோ துளை விழுந்தோ வருகிறவரிடம் முதலில் இரண்டு லிட்டர் குடியுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. கழுவாத குடலை அப்படியே வெட்டி எடுத்து நோயியல் துறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே நீளவாக்கில் திறந்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ரப்பர் படலம் அங்கேயும் கிடையாது. பொடி குடித்தவர்களிடமிருந்து மட்டும்தான் அது வருகிறது.

உடம்பு லேசாக இருந்தது என்கிறீர்கள், அதை மறுக்க மாட்டேன். அடைத்திருந்தது காலியானால் யாருக்குமே சுகம்தான். எடை குறைந்தது மலமும் தண்ணீரும். நாம் சாப்பிட்டதன் சக்தியில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு பெருங்குடலைக் கழுவிக் கொழுப்பைக் குறைக்க முடியாது. இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோவும் திரும்பி வந்திருக்குமே?

எனிமாவே கூடாது என்றும் சொல்லவில்லை. மலம் கல்லாக இறுகி நின்றால் எனிமாதான் கொடுப்போம். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் சிலருக்குக் குடலை நீரால் கழுவும் முறை அன்றாட உதவி. அது ஒரு கோளாறுக்கான சிகிச்சை. நன்றாக இருக்கும் குடலை மாதாமாதம் கழுவுவது வேறு.

பழைய_ஏடு | செவ்வாய், காலை 10.10

மூவாயிரம் வருடப் பேச்சு வந்ததால் நானும் மூக்கை நுழைக்கிறேன். மருத்துவ வரலாறு படிப்பது என் பொழுதுபோக்கு.

குடலில் தேங்கும் மலம் அழுகி நஞ்சாகி ரத்தத்தில் கலக்கிறது என்ற எண்ணத்தை 1880களில் பிரான்சில் ஷார்ல் பூஷார் என்ற மருத்துவர் அறிவியல் கோட்பாடு போல வடித்தார். 'சுயநஞ்சேற்றம்' என்று தமிழில் சொல்லலாம். பாக்டீரியா நோய்க்குக் காரணம் என்று அப்போதுதான் தெரிய வந்திருந்த காலம், எனவே குடலில் இத்தனை பாக்டீரியா இருந்தால் நஞ்சு இருக்காதா என்று தோன்றியது நியாயமே. 1908இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட விஞ்ஞானி மெச்னிக்கோவ்கூட மனிதன் சீக்கிரம் கிழடாவதற்குப் பெருங்குடல் கிருமிகளே காரணம் என்று நம்பினார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஒரு படி மேலே போய், வெறும் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே அறுத்து எடுத்தார். அமெரிக்காவில் ஜான் ஹார்வி கெல்லாக் தன் சானடோரியத்தில் (தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) எனிமா இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், கார்ன்ஃபிளேக்ஸ் கெல்லாக் குடும்பம்தான்.

இதை உடைத்தது ஒரு எளிய கவனிப்பு. 1919இல் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கேட்டார்: மலச்சிக்கல்காரருக்குத் தலைவலியும் மந்தமும் இருக்கிறது, மலம் கழித்ததும் சில நிமிடத்தில் போய்விடுகிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் எப்படிப் போகும்? குடித்த சாராயத்தின் போதை வாந்தி எடுத்த உடனேயா தெளிகிறது? (சாராய உவமை என்னுடையது.) மலக்குடல் விரிந்து நரம்புகளை அழுத்துவதுதான் காரணம் என்றார். அடுத்த சில வருடங்களில், மலக்குடலில் பஞ்சை அடைத்துப் பார்த்த சோதனையில் அதே தலைவலி, அதே மந்தம் வந்தன. பஞ்சில் என்ன நஞ்சு?

காலைப்பறவை சொன்ன 'பஞ்சு மாதிரி' உணர்வுக்கும் இதுதான் விளக்கம் என்று நினைக்கிறேன். உவமைதான் கொஞ்சம் இடிக்கிறது.

காலைப்பறவை | செவ்வாய், காலை 11.25

ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்துகொள்வதால் கெடுதல் என்ன? பிடித்தவர் செய்துவிட்டுப் போகட்டுமே.

ஸ்கோப்_அறை | செவ்வாய், மதியம் 2.00

கெடுதல் பெரும்பாலானோருக்கு வராது. வருகிறவருக்குப் பெரிதாக வருகிறது. குழாய் குத்திக் குடல் துளைபடுவது, சோடியமும் பொட்டாசியமும் தாறுமாறாவது, கருவியைச் சரியாகக் கிருமி நீக்கம் செய்யாமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்று. 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் கொலராடோவில் ஒரே கிளினிக்கில் குடல் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று வந்தது. 10 பேருக்குப் பெருங்குடலை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது, உயிரிழப்பும் ஏற்பட்டது. காபி எனிமாவாலும் இறப்புகள் பதிவாகியுள்ளன. பாஸ்பேட் உப்பு கலந்த பேதி மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று 2008இலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. சிறுநீரகம், இதயம், குடல் அழற்சி என்று ஏதாவது இருப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

சொல்லாமல் விடப்படும் இன்னொன்று: களிமண்ணும் கரித்தூளும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பேதியானால் அவை உறிஞ்சப்படுவதும் குறையும். கருத்தடை மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தூங்காமணி | செவ்வாய், இரவு 9.15

டம்ளர் சோதனை செய்துவிட்டேன். கூழாகி, துணியில் பிழிந்ததும் கயிறாகத் திரண்டது. கையில் சுற்றிப் பார்த்தேன், அதே இழுவை. மனைவி பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பை எழுத முடியாது. ஆனால் நிறம் மட்டும் வெளிர் பழுப்பு. எனக்கு வந்தது கரும்பச்சை, கிட்டத்தட்டக் கறுப்பு. அது ஏன்?

ஸ்கோப்_அறை | செவ்வாய், இரவு 9.40

பித்தம் கலந்தால் பச்சை வரும். கறுப்பு என்றால், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

தூங்காமணி | செவ்வாய், இரவு 9.52

ஆமாம், மூன்று மாதமாக. மலச்சிக்கல் ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். அதனால்தான் இந்தப் பொடியையே வாங்கினேன். அலுவலக உடல் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று வந்தது, மாத்திரை கொடுத்தார்கள்.

ஸ்கோப்_அறை | செவ்வாய், இரவு 10.20

நிறமும் மலச்சிக்கலும் இரும்பால் வரக்கூடியவையே, அதை ஒரு பக்கம் வையுங்கள். ரத்தம் ஏன் குறைந்தது என்று யாராவது தேடினார்களா?

மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்பு குறைய ஒரு வெளிப்படையான காரணம் இருக்கிறது. 47 வயது ஆணுக்கு அது இல்லை. இரும்புக் குறைவால்தான் ரத்தசோகை என்று பரிசோதனையில் உறுதியானால், உடம்பில் எங்கோ சொட்டுச் சொட்டாக ரத்தம் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். வயிற்றுப்புண், வலி மாத்திரையால் வந்த காயம், இரும்பை உறிஞ்ச முடியாத சிறுகுடல் கோளாறு, பெருங்குடலில் பாலிப் (உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி), புற்றுநோய், எதுவாகவும் இருக்கலாம். பொதுவாக மேலிருந்தும் கீழிருந்தும் ஸ்கோப் போட்டுப் பார்ப்பார்கள். பயமுறுத்தவில்லை, பலருக்குச் சாதாரணக் காரணம்தான் கிடைக்கும். ஆனால் மாத்திரை போட்டு ரத்த அளவை ஏற்றிவிட்டுக் காரணத்தை விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே குடல் மருத்துவரைப் பாருங்கள். மலம் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்துடன் போனால் வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

நடுப்பக்கம் | புதன், காலை 8.05

தூங்காமணி, போய்விட்டு வந்து கட்டாயம் எழுதுங்கள்.

இடையில் என் கேள்வி. நான் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் போகிறேன். தினமும் காலையில் போகாதவன் நோயாளி என்று வீட்டில் சொல்லியே வளர்த்தார்கள். உண்மையா?

ஸ்கோப்_அறை | புதன், காலை 9.30

நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பு. எண்ணிக்கையைவிட, முக்காமல் வருகிறதா, முழுதாகப் போன உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். 1997இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்து ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். புழுக்கை மாதிரி உருண்டை என்றால் முதல் வகை, வெறும் தண்ணீர் ஏழாவது. வழவழப்பான நீள வடிவம், அதாவது மூன்றும் நான்கும், நல்லது. உங்களுடையது அந்த இரண்டில் இருந்தால் வீட்டில் சொன்னதை விட்டுவிடுங்கள்.

கால்முக்காலி | புதன், மதியம் 12.45

என் அனுபவம் ஒன்று. நார்ச்சத்து நல்லது என்று படித்துவிட்டு ஒரே நாளில் முழுதானியம், பயறு, தவிடு என்று எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டேன். ராத்திரி வயிறு பலூன். வீட்டில் யாரும் என் அறைக்கு வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, வாரம் வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டுமாம். பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு அங்கே போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆனது.

இன்னொன்று, நாற்காலி மாதிரிக் கழிப்பறையில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால், மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. என் பெயர்க் காரணம் இதுதான்.

மௌனராகம்47 | புதன், மாலை 6.10

எல்லோருக்கும் நார்ச்சத்து உதவும் என்று எழுதாதீர்கள். எனக்குக் கூட்டக் கூட்ட மோசமானது. இரண்டு வருடம் என்னென்னவோ குடித்தேன். கடைசியில் ஒரு மருத்துவர் மலக்குடல் அழுத்தத்தை அளந்து பார்த்து, முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை எனக்கு இறுகுகிறது என்றார். வாசல் பூட்டியிருக்கும்போது உள்ளே கூட்டம் சேர்த்தால் என்ன ஆகும்? தசையின் அசைவைத் திரையில் பார்த்துத் தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி ஆறு தடவை. இப்போது மருந்தே இல்லை.

ஸ்கோப்_அறை | புதன், இரவு 8.50

மௌனராகம் எழுதியது பொன். நார்ச்சத்தும் நடையும் போதாவிட்டால் அடுத்து பொடி வாங்காமல் காரணத்தைத் தேடுங்கள். தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், ஓபியாய்டு வலி மருந்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள், கால்சியம், இரும்பு எல்லாமே மலத்தை இறுக்கும்.

நார்ச்சத்து ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அதை நம்மால் செரிக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாவுக்குத்தான் அது சாப்பாடு. அவை அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருளே அதுதான். 'கழிவு' என்று சொல்லிக் கழுவித் தள்ளுவது இந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான். பரிசோதனைக்காக ஒருமுறை கழுவினால் சில வாரத்தில் மீண்டுவிடும், அதற்காக யாரும் ஸ்கோப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர் பற்றி: குறைவாகக் குடிப்பவர் கூட்டினால் பலன் உண்டு. ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு லிட்டர் குடித்தால் சிறுநீர்தான் கூடும். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையும், அதனால் காலை உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் எழுந்துவிடுங்கள். மொபைலை வெளியே வைத்துவிட்டுப் போங்கள், மூலம் வாங்கி வராமல் இருக்கலாம். உலர் பிளம், கிவிப் பழம் இரண்டுக்கும் நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது.

45, 50 வயதானவர்கள் உங்கள் நாட்டில் குடல் புற்றுநோய்க்கு என்ன பரிசோதனை பரிந்துரைக்கிறார்கள் என்று கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் முன்னதாகவே.

தூங்காமணி | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 10.30

வந்துவிட்டேன். இரும்புக் குறைவு உறுதியானது. மேலேயும் கீழேயும் பார்த்தார்கள். ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கிக் கேமராவை மறைக்குமாம். முந்தைய இரவு குடித்த மருந்துதான் உண்மையான குடல் சுத்தம் என்றால், அந்தப் பொடி வெறும் குழந்தை விளையாட்டு. விடியற்காலையில் மஞ்சள் தண்ணீராக வந்தபோது, ரப்பர் ஒரு துணுக்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

மயக்கம் லேசாகத்தான் கொடுத்தார்கள், நடுவில் விழித்துத் திரையைப் பார்த்தேன். அக்கா சொன்ன அதே இலை நரம்பு. வலப்பக்கம் ஒரு மடிப்புக்குப் பின்னால் காளான் மாதிரி ஒன்று. ஒன்றரை சென்டிமீட்டர் பாலிப், வளையம் போட்டு அங்கேயே எடுத்துவிட்டார்கள். அதன் தலையில் ரத்தம் கசிந்த தடம் இருந்ததாம். அதை நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்ஸி முடிவு வியாழக்கிழமை.

ஸ்கோப்_அறை | சனி, காலை 11.05

பாலிப் புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பல வருடம் எடுக்கும். எடுத்தது நல்லதாயிற்று. முடிவு வந்ததும் அடுத்த ஸ்கோப் எப்போது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

காலைப்பறவை | சனி, மதியம் 12.40

நலமாக இருங்கள் நண்பரே. என் அடுத்த மாத முன்பதிவை ரத்து செய்துவிட்டேன், பணம் திரும்ப வராதாம். அந்த மீதிப் பொடியை என்ன செய்தீர்கள்? இசப்கோல் இருக்கிறதே, அதையாவது பயன்படுத்தலாமா?

ஸ்கோப்_அறை | சனி, மதியம் 1.10

களிமண் கலந்தது வேண்டாம். தனி இசப்கோல் வாங்குங்கள், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். கெட்டியாக விட்டுக் குடித்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும்.

தூங்காமணி | சனி, மதியம் 1.32

பொடி சமையலறைத் தொட்டியில் போய்விட்டது. இப்போது தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. பிளம்பர் நாலு மணிக்கு வருகிறார்.